கட்டினாலும் குற்றமா, அவிழ்த்தாலும் குற்றமா? மலையில் நாய் வளர்ப்போரின் சட்டக் கேள்விகள்

நீலகிரியின் கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் விலங்கு நலம் தொடர்பாக அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கும்போது நான் மிகுதியாகக் கேட்பது இதைத்தான்: "அண்ணா, நாயைக் கட்டிப்போட்டா கொடுமைங்கிறாங்க, அவிழ்த்துவிட்டா ஆளைக் கடிக்குதுன்னு போலீஸ்ல சொல்றாங்க, வெளியே விட்டா ராத்திரி சிறுத்தை தூக்கிட்டுப் போயிடுது. நாங்க என்னதான் செய்யறது?" சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் மூன்றாம் பகுதி கிடையாது. நமக்கு அதுதான் முதன்மையானது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960, நாயைக் கட்டுவதையே குற்றம் என்று சொல்லவில்லை. அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் புறக்கணிப்பதையும்தான் அதன் 11ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் பின்புறம் மாட்டுச் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கழுத்தைச் சுற்றி வளையமாக முடி உதிர்ந்து, தோல் சிவந்து, சில நாய்களுக்குச் சீழும் பிடித்திருக்கும். மழை சாய்த்து அடிக்கும்போது தாழ்வாரத்துக்குள் ஒதுங்கச் சங்கிலி ஒரு முழம் போதாமல் நிற்கும். சட்டம் குறிப்பிடும் குட்டைச் சங்கிலி இதுதான்.

சங்கிலியை நீளமாக்கினால் மட்டும் மலையில் கடமை முடிந்துவிடாது. 2023 நவம்பரில் குன்னூர் புரூக்லாண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறுத்தை வீட்டுக்குள் புகுந்துவிட, அதை மீட்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் காயமடைந்ததை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சிறுத்தைகளைக் குடியிருப்புகளுக்கு இழுப்பவற்றுள் நாய்களும் அடங்கும் என்பது இங்கு சிறுபிள்ளைக்கும் தெரியும். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கும் அது தேவையற்ற வேதனைக்கு ஆளாகாமல் இருப்பதற்கும் நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்கிறது. சிறுத்தை நடமாடும் இடத்தில் இரவில் நாயை முற்றத்தில் கட்டிவைப்பது இந்தக் கடமைக்கு முரணானது என்பது என் உறுதியான கருத்து. தப்பி ஓடக்கூட வழியில்லாமல் அதை இரையாக நிறுத்துகிறோம். அந்தி சாய்ந்ததும் நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும்; இடமில்லையென்றால் கூரையும் தாழ்ப்பாளும் உள்ள கூண்டிலாவது இருக்க வேண்டும்.

பகலில் அவிழ்த்துவிட்ட நாய் வழிப்போக்கரைக் கடித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு பொருந்தும். தன் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் அக்கறையோடு வளர்க்கிறீர்கள் என்பதற்கு அதுவே முதல் சான்று. கடிபட்டவரோ, வழக்கு வாதத்தை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"நாயைக் கொன்னா அம்பது ரூபா ஃபைன்தானே" என்று சிலர் துணிச்சலாகப் பேசுவதற்குக் காரணம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரை என்றிருக்கும் அபராதம் இன்றுவரை மாறாததுதான். அது வெட்கப்பட வேண்டிய நிலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விலங்கைக் கொல்வதும், நஞ்சிடுவதும், ஊனமாக்குவதும் நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியவை. பழைய தண்டனைச் சட்டத்தில் விலங்கின் மதிப்பு 10 ரூபாயா, 50 ரூபாயா என்று பார்த்துப் பிரிவு மாறும்; நாட்டு நாய்க்கு என்ன விலை என்று அங்கே வாதாட வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டம் அந்த விலைக்கணக்கை எடுத்துவிட்டது. எனவே மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நாயை அடித்தார் என்று மட்டும் எழுதினால், பெரும்பாலும் வழக்குப் பதியாமல், மனுவைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு விஷயம் நின்றுவிடும்.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால் அழுதுகொண்டே குழி தோண்டிவிடாதீர்கள். உடலை நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்துப் படம் எடுத்து, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அரசு கால்நடை மருத்துவரைக் கொண்டு உடற்கூறாய்வு செய்யக் கேளுங்கள். உள்ளுறுப்பு மாதிரிகள் தடயவியல் ஆய்வகத்துக்குப் போனால்தான் வழக்கு நிற்கும். புதைத்த பிறகு வருகிறவர்களுக்கு என்னால் ஆறுதல் மட்டுமே சொல்ல முடிகிறது.

நஞ்சும் சுருக்குக் கம்பியும் மலையில் நாயோடு நிற்பதில்லை. 2023 செப்டம்பரில் எமரால்டு என்ற ஊர் அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் பூச்சிமருந்து வைத்ததாக மாட்டின் உரிமையாளரை வனத்துறை கைது செய்தது. மாட்டை இழந்தவரின் வேதனை எனக்குப் புரிகிறது, ஆயினும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ள புலி போன்ற விலங்கைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. காட்டுப்பன்றிக்காக வேலியோரம் வைக்கும் சுருக்கில் உங்கள் நாய் மாட்டிக்கொண்டால், காவல் நிலையத்தோடு வனச்சரக அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். அதே வன உயிரினச் சட்டம் கண்ணி வைப்பதையும் வேட்டை என்றே கொள்கிறது. அந்தக் கம்பியில் நாளை சிறுத்தையும் சிக்கக்கூடும்.

கிளியைக் கூண்டில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: நம் நாட்டுக் கிளி எதையும் வளர்க்கக் கூடாது. தேயிலைக் காட்டில் மான்குட்டி தனியாகக் கிடந்தால் தூக்கி வராதீர்கள், தாய் அருகில் மேய்ந்துகொண்டிருக்கலாம். எப்படியோ உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது சட்டக் கடமை.

என்னை மிகவும் வருத்துவது கைவிடப்படும் நாய்கள்தாம். பணி ஓய்வு பெற்று லயன் வீட்டைக் காலி செய்கிறவர்களும், பங்களாவை விற்றுவிட்டுக் கீழே இறங்குகிறவர்களும் நாயை விட்டுப் போகிறார்கள். பசியாலும் தாகத்தாலும் வாடக்கூடிய நிலையில் காரணமின்றி விலங்கைக் கைவிடுவதும் 11ஆம் பிரிவின்படி குற்றமே. தெருநாய்களை வண்டியில் ஏற்றிக் காட்டோரம் விட்டுவருவதற்கும் சட்டத்தில் இடமில்லை. கருத்தடை, தடுப்பூசி முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் அவ்வாறு விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டிலும், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று நவம்பரிலும் ஆணையிட்டது. காட்டோரம் விடப்படும் நாய் வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயையும் செந்நாய்க்கும் நரிக்கும் கொண்டுபோகும்.

வீட்டைக் காலி செய்யப் போகிறவர்கள் இரண்டு, மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்க்கு இந்த மலையிலேயே வேறு வீடு தேடித் தர முடியும். சாமான்களை லாரியில் ஏற்றிய பிறகு சொன்னால் முடிவதில்லை.