நுவரெலியா – கொழும்பு: 740 எல்இ பெற்றோல் கணக்கு

2025 பெப்ரவரி 6

காலையில அஞ்சு மணிக்கு கார் கண்ணாடி பூரா பனி உறைஞ்சு கெடந்துச்சு. சுடுதண்ணி ஊத்துனா கண்ணாடி வெடிச்சிரும், துணிய வச்சுதான் தொடச்சு எடுத்தேன். இன்னையில இருந்து ஐயாவோட காருக்கு ஒழுங்கா கணக்கு எழுதப் போறேன். பிஎம்டபிள்யூ 740 எல்இ, 2 லீட்டர் நாலு சிலிண்டர் டர்போ எஞ்சினோட கரண்ட் மோட்டரும் இருக்கு, வீட்டு ப்ளக்லயே சார்ஜ் போடலாம்.

ஏன் இந்தக் கணக்குன்னா, 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு கியூஆர் கோட் வச்சு அளந்து குடுக்குற முறை வந்த நேரம் காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர்தான் குடுத்தாங்க. ஆச்சிய, அதான் ஐயாவோட அம்மாவ, கொழும்பு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போயி திரும்ப கூட்டிட்டு வரணும். 20 லீட்டர் போதுமா போதாதான்னு ஐயா கேட்டப்ப எனக்கு பதில் சொல்லத் தெரியல. பத்து வருசமா ஸ்டியரிங் புடிக்கிறவன் சொல்லத் தெரியாம நின்னது இன்னமும் மனசுல உறுத்துது.

ராத்திரி பூரா சார்ஜ் போட்டு 100 சதவீதத்துல கெளம்புனோம். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழி, 168 கிலோமீட்டர். கொழும்பு வெள்ளவத்தையில பெற்றோல் ஷெட்ல டேங்க நெரப்புனா 6.6 லீட்டர்தான் புடிச்சுச்சு. லீட்டருக்கு 25 கிலோமீட்டர்! இவ்வளவு பெரிய காருக்கு இதுன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு, ஆனா இறக்கத்துல வந்த கணக்கு பாதிக் கணக்குதானே.

2025 பெப்ரவரி 8

திரும்ப மேல நுவரெலியாவுக்கு வந்தாச்சு. 15.9 லீட்டர். லீட்டருக்கு 10.6. போய் வர 22.5 லீட்டர், சராசரி 15ஐ தொடல. அப்ப 2022ல 20 லீட்டர் போதாதுன்னு இப்பத்தான் தெரியுது.

ஏத்தத்துக்கு வேணுமேன்னு பேட்டரிய கொழும்புல தொடாம சேத்து வச்சு, கித்துல்கலைக்குப் பெறகுதான் விட்டேன். அது தப்போன்னு இப்ப சந்தேகம். களனிப் பாலத்துல இருந்து கடுவலை வரைக்கும் நெரிசல்ல எஞ்சின் சும்மா உறுமிக்கிட்டே குடிச்சுச்சு.

2025 பெப்ரவரி 11

ராத்திரி தூக்கம் வரல, கொப்பியில கணக்கு போட்டுப் பாத்தேன். ஆளுங்க, சாமான் எல்லாம் சேத்தா கார் 2300 கிலோ வரும். அத கடல் மட்டத்துல இருந்து நுவரெலியாவுக்கு, 1868 மீட்டர், தூக்குறதுக்கு மட்டுமே 11.7 யூனிட் (கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட், kWh) சக்தி வேணும். பேட்டரி மொத்தமே 9.2 யூனிட், அதுலயும் முழுசா எடுக்க விடாது. ஒரு லீட்டர் பெற்றோல்ல கிட்டத்தட்ட 9 யூனிட் இருக்கு, எஞ்சின் அதுல மூணுல ஒரு பங்க சக்கரத்துக்கு குடுத்தாலே பெருசு. அப்ப ஓடுற செலவு தனி, தூக்குற கூலி மட்டும் நாலு லீட்டர். இத யாரும் எனக்கு சொல்லித் தரல, தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஐயாகிட்ட சொல்லியிருப்பேன்.

புக்லெட்ல 100 கிலோமீட்டருக்கு 2 லீட்டர் சொச்சம்னு இருக்கு. அது பழைய ஐரோப்பிய டெஸ்ட் கணக்கு. பேட்டரி நெறஞ்சு ஒரு தடவ, காலியா ஒரு தடவ லேப்ல ஓட்டி, பேட்டரி தீந்த பெறகு 25 கிலோமீட்டர்தான் ஓடுவோம், அடுத்தாப்புல திரும்ப சார்ஜ் போட்டுருவோம்னு வச்சு சராசரி எடுக்குறது. நம்ம பயணம் 168 கிலோமீட்டர், அந்தக் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும்?

2025 பெப்ரவரி 19

இந்தத் தடவ சார்ஜே போடாம எறங்குனேன். காரணம் இருக்கு. இறக்கத்துல காலெடுத்தா மோட்டர் காரப் புடிச்சு, அந்த வேகத்த கரண்டாக்கி பேட்டரிக்குள்ள போடும். போன தடவ நெறஞ்ச பேட்டரியோட நானுஓயா பக்கம் எறங்கும்போது காலெடுத்தா கார் இழுத்துப் புடிக்கவே இல்ல, இடமில்லாத பேட்டரிக்குள்ள கரண்ட் எங்க போகும், பிரேக்தான் எல்லாத்தையும் தாங்குச்சு. இன்னைக்கு காலியா வந்ததால வளைவுக்கு வளைவு மோட்டரே புடிச்சுச்சு, தலவாக்கலையில பாத்தா 21 சதவீதம் ஏறியிருந்துச்சு, கித்துல்கலையில 38. அப்பா தோட்டத்து லொறி ஓட்டுனவரு, இறக்கத்துல பிரேக்க நம்பாத கியர நம்புன்னுதான் எப்பவும் சொல்லுவாரு. இந்தக் கார்ல அந்த கியர் கரண்டாவும் மாறி வருது.

டேங்க் 7.8 லீட்டர் புடிச்சுச்சு. போன தடவைய விட 1.2 கூட. அப்ப ராத்திரி பூரா போட்ட சார்ஜ்ல மிச்சமானது அவ்வளவுதான், பாதிக்கு மேல பிரேக் சூட்டுலயே போயிருக்கு.

2025 பெப்ரவரி 21

ஏத்தம் 14.8. பேட்டரிய கொழும்பு நெரிசல்லயே தீத்துட்டு, மலைய எஞ்சின்கிட்ட விட்டேன். நின்னு நின்னு போற எடத்துலதான் எஞ்சின் வீணாக்கும், ஏத்தத்துல சுமையோட ஒரே சீரா ஓடும்போது அதுக்கு வேல ஒழுங்கா இருக்கு. நான் முன்னாடி பண்ணது நேர் எதிரு.

2025 மார்ச் 5

ரெண்டு நாள் பயணம் முடிஞ்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். எறங்க முந்தி சார்ஜ முழுசா போடாம, பாதிக்கு கொஞ்சம் மேல, 55 சதவீதத்துல நிறுத்திட்டேன். இறக்கம் 6.7, ஏத்தம் 14.7. மொத்தம் 21.4 லீட்டர், லீட்டருக்கு 15.7. ஐயாகிட்ட கொப்பியக் காட்டுனேன். “தம்பி, அப்ப அந்த 20 லீட்டர்ல வந்திருக்க முடியாதா?”ன்னாரு. முடியாதுங்கய்யா, ஒன்றரை லீட்டர் கொறையும், ஹட்டன் தாண்டி நின்னிருப்போம்னேன்.

அடுத்த வாரம் ஆச்சிக்கு மறுபடி கிளினிக். புசல்லாவை, கம்பளை பக்கமா போகலாம்னு ஐயா சொல்றாரு. றம்பொடை இறக்கம் ஒரே மூச்சா எறங்கும், அதுக்கு 55 கூட அதிகம்னு நெனைக்கிறேன். 30ல ப்ளக்க கழட்ட அலாரம் வச்சிருக்கேன்.