சத்தமாகச் சொல்லும் பட்டியல்: தில்லி ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) நாட்குறிப்பு

மார்ச் 4

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் 2008-இல் வந்தது, மொத்தம் 19 விஷயங்கள், அதை முதலில் சோதித்துப் பார்த்த எட்டு நகரங்களில் தில்லியும் ஒன்று. எங்கள் ஆஸ்பத்திரியிலும் அந்தத் தாள் ஒவ்வொரு ஃபைலிலும் இருக்கிறது. ஆனால் நோயாளி வார்டுக்குப் போன பிறகு யாரோ உட்கார்ந்து மொத்தமாக டிக் போடுகிறார்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன் என்று மூன்று தடவை நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது. மாற்றியே ஆக வேண்டும்.

மார்ச் 11

மேலிடம் சர்க்குலர் அனுப்பலாம் என்கிறது. வேண்டாம் என்றேன். எட்டு நகர ஆய்வில் பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7-க்கு இறங்கின. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் கொண்டுவந்தும் இறப்பு சொல்லும்படி குறையவில்லை என்று 2014-இல் இன்னொரு ஆய்வு வந்தது. தாள் ஒன்றுதான், செய்கிறவர்கள் மனசு வைத்தார்களா என்பதில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். சரி, விருப்பமுள்ள டாக்டர் இருக்கிற எலும்பு ஓ.டி.யில் மட்டும் ஆரம்பிக்கிறோம்.

ஏப்ரல் 2

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது. கத்தி வைக்கும் முன் எல்லோரும் அவரவர் பெயரும் வேலையும் சொல்ல வேண்டும், அட்டெண்டர் பையாவும் சொன்னார், வருஷக்கணக்காக அதே அறையில் நிற்கிறவர், பாதிப் பேருக்கு அவர் பெயர் இன்றுதான் தெரிந்தது. அப்புறம் எங்கள் சிஸ்டர் நாகர்கோவில் அக்கா பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, ஆன்டிபயாட்டிக் போட்டாச்சா என்று கேட்ட இடத்தில் யாரிடமும் பதில் இல்லை. மருந்து ட்ரேயில் அப்படியே இருந்தது. சர்ஜன் சார் ஒன்றும் பேசவில்லை, மருந்து ஏறும்வரை காத்திருந்தார். அடுத்த கேஸில் அவரே முந்திக்கொண்டு, "டைம் அவுட் ஹோ கயா?" என்று கேட்டார், கத்தி வைக்கும் முன் நின்று சொல்வது முடிந்ததா என்று! நான் எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் இது நடந்திருக்காது.

மே 20

வேகம் குறைகிறது. அனுபவமுள்ள சிஸ்டர்கள் பலர் லீவுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டார்கள், ரெசிடென்ட் டாக்டர்கள் புதியவர்கள். எல்லோருக்கும் பழகிவிட்டதே, வாரக் கூட்டத்தை நிறுத்தலாமே என்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சீக்கிரம் அறிவிப்பதை மாற்றங்களைக் கவிழ்க்கும் தவறுகளில் ஒன்றாக ஹார்வர்டின் ஜான் காட்டர் 1995-லேயே எழுதியிருக்கிறார். கூட்டத்தை நிறுத்த விடமாட்டேன். புது டாக்டர்களுக்கு முதல் நாளே அந்த ட்ரே கதையை அக்காவே சொல்லட்டும்.

ஜூன் 9

பக்கத்து ஓ.டி. சிஸ்டர் தானாக வந்து கேட்டாள், "அக்கா, எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க." நாளை முதல் கேஸுக்கு நாகர்கோவில் அக்கா அங்கே போகிறார்.