டபுள் கேப்பும் கரும்புகையும்

துணுக்காயிலிருந்து மாங்குளத்துக்கு நெல் மூட்டை ஏற்றும் என்னுடைய பழைய மிட்சுபிஷி டபுள் கேப் பிக்கப்பில் இருப்பது 4டி56 என்ற 2477 சிசி டர்போ டீசல் இயந்திரம். வன்னியில் ஏறுவதற்கு மலை இல்லை. ஆனால் மாரியில் வயற்கரைச் சேற்றிலும் முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் இயந்திரத்தின் குறைந்த சுற்று வேகத்திலேயே முக்கி இழுக்க வேண்டியிருப்பதால், இழுவை போதாது என்ற குறை எனக்கு நெடுநாளாக இருந்தது.

அதைச் சொன்னபோது ஒரு கராஜில் ஐந்தே நிமிடத்தில் டீசல் பம்பின் பின்புறத்தில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை உள்ளே முறுக்கி அனுப்பிவிட்டார்கள். ஒரு கிழமை வண்டி பாய்ந்தது, பின்னால் வந்தவர்கள் கரும்புகைக்குள் மறைந்தார்கள், பிறகு ஒருநாள் பாரத்தோடு வரும்போது சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழுந்தது.

ஒரு லீற்றர் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று, அதாவது பத்துக் கன மீற்றர் அளவு காற்று வேண்டும் என்பதையும், அதற்கு மேலும் மிச்சக் காற்று இருந்தால்தான் புகையில்லாமல் எரியும் என்பதையும் நான் அதற்குப் பிறகே படித்தேன். பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருள் சற்றுக் கூடினால் சூடு குறையும். டீசலில் கூடக்கூடச் சூடு ஏறும். ஆகவே கரும்புகை என்பது காற்றுக் கிடைக்காமல் வீணாகும் டீசல். 2022இல் இலங்கையின் எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று, கியூஆர் குறியீட்டுக்கு ஒதுக்கிய அளவுக்கு மட்டும் டீசல் வாங்கிய எவருக்கும் அந்த நிறம் வயிற்றெரிச்சலைத் தரும்.

ஹெட்டை மாற்றியபின் காற்றிலிருந்து தொடங்கினேன். ஏர் பில்டரைக் கழற்றித் தட்டியபோது ஒரு சிரட்டை நிறையச் செம்மண் கிரவல் தூசு கொட்டியது; புதியது போட்டதும் புகையில் பாதி போய்விட்டது. டீசலைத் தெளிக்கும் நொசில்களைப் பரிசோதித்து, ஒழுகிய இரண்டை மாற்றினேன். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று பாரத்தில் 100 பாகையைத் தாண்டுவது வழமை என்பதாலும், சூடான காற்றில் ஒட்சிசன் அடர்த்தி குறைவு என்பதாலும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் இல்லாதிருந்த இந்த வண்டிக்குப் பாவித்த ஒன்றை வாங்கி முன்பக்கத்தில் பொருத்தினேன். செலவழித்த காசில் மிகப் பயன் தந்தது, டர்போவுக்கு முன்னால் புகைக்குழாயில் பூட்டிய வெப்பமானிதான் என்பேன்.

அதன்பிறகே திருகைத் தொட்டேன், அதுவும் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று மட்டும். ஒவ்வொரு முறையும் முழுப் பாரத்தோடு ஏ9 வீதியில் ஓட்டி வெப்பமானி முள்ளைப் பார்த்தேன். தொடர்ந்து 700 பாகைக்கு மேல் நிற்க விடுவதில்லை என்பது நான் வகுத்த எல்லை. தாங்கி நிரப்பி அளந்ததில் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடிய வண்டி இப்போது பத்தரை ஓடுகிறது. திருகு நின்ற இடத்தில் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், வேறு எவரும் முறுக்கினால் தெரிய வேண்டும் என்பதற்காக.