தும்மினால் கசிந்த காலம்

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினால், பலமாகச் சிரித்தால், பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் சிறுநீர் கசியும். "பிள்ளை பெத்தா இதெல்லாம் சகஜம்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மருந்து மாத்திரை இல்லாமலேயே இது பெருமளவு குறையும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில். இங்கே பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகம்) முதலில் சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமித் தொற்று இல்லை. எடை 74 கிலோ, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 29. ஆசிய உடல்வாகுக்கு 27.5-ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்று இங்கே கணக்கு. வயிற்றுக் கொழுப்பு மூத்திரப்பையையும் அதைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளையும் ஓயாமல் அழுத்துகிறது, இருமும்போது அழுத்தம் இன்னும் ஏறுவதால் தசை விட்டுக்கொடுத்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். என் எடையைப் பற்றிப் பேசாத சொந்தக்காரர் இல்லை. இந்தக் காரணத்தை அன்றுதான் கேட்டேன்.

பாலிகிளினிக்கிலேயே கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால்தான் மானியக் கட்டணம்.

கேகேயில் பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சி சிகிச்சை தருபவர்) ஒரு பெண். கையுறை போட்டு, உள்ளே விரல் வைத்து, தசையை இறுக்கச் சொன்னார். கூச்சம்தான். ஆனால் எந்தத் தசை என்று சரியாகப் பிடிபட்டது அப்போதுதான். மூத்திரத்தையும் வாயுவையும் சேர்த்து அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். தொடை இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 8 இழுப்பு, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததுமே இறுக்கிக்கொள்ளவும் பழக்கினார்.

கசிவுக்குப் பயந்து நடப்பதையே விட்டுவிடுகிறோம், அதில் எடை ஏறுகிறது, கசிவும் கூடுகிறது. என்னை இதிலிருந்து மீட்டது இந்தப் பயிற்சிதான். தசை கொஞ்சம் பிடிமானம் கண்டதும் பார்க் கனெக்டரில் (பூங்காக்களை இணைக்கும் நடைபாதை) நடக்க ஆரம்பித்தேன். ராத்திரி புரோட்டாவை நிறுத்தினேன், தே-ஓவை (பால் இல்லாத டீ) கொசோங்காக்கினேன், அதாவது சர்க்கரையை விட்டேன். 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சராசரியாக 8 சதவீத எடை குறைத்த பெண்களுக்கு வாராந்தரக் கசிவு கிட்டத்தட்ட பாதியானது. என் எடைக்கு அது 6 கிலோ. ஒல்லியாக வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய தெம்பு.

கர்ப்பப்பை இறக்கம் வேறு விஷயம். எடை குறைந்தால் இறங்கியது மேலே ஏறிவிடாது, டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இந்தத் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பயமில்லாமல் பால்குடம் எடுத்தேன். கயிறு தாண்டினால் மட்டும் இன்னும் கசிகிறது. அறுவை சிகிச்சையும் உண்டு என்றார்கள். இப்போதைக்குப் பயிற்சியையே தொடர்கிறேன்.