கைதானபோது கொடுத்த ரேகையை அழிக்க வைப்பது: மனுவும் காகிதங்களும்

வழக்கு முடிந்து விடுதலையானால், காவல் நிலையத்தில் எடுத்த கைரேகையும் போட்டோவும் தானாகவே போய்விடும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். போகாது. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி அவை மின்னணுப் பதிவாக 75 ஆண்டுகள் இருக்கும். விடுதலையானவர்களுக்கும் விசாரணையின்றியோ வழக்கிலிருந்தோ விடுவிக்கப்பட்டவர்களுக்கும் அழிக்கும் வழியும் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் விதிகளின்படி அதற்கென்று கோரிக்கை போக வேண்டும். இந்த மனுக்களைத் தயார் செய்து அனுப்பும் வேலையில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறோம். மனுவின் பலம் பாதி, கைதான அன்றைய காகிதங்களில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

இதற்கு முன்பிருந்த 1920ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டத்தில், ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்தில் கைதானவரிடம்தான் ரேகை எடுக்கலாம். 2022 ஆகஸ்ட் 4 முதல் நடப்பில் உள்ள சட்டத்தில் அந்த வரம்பு கிடையாது. எந்தச் சட்டத்தின் கீழ் எந்தக் குற்றத்துக்குக் கைதானாலும் எடுக்கலாம்; ஏட்டு நிலையில் உள்ளவரே எடுக்கலாம். விரல், உள்ளங்கை, பாதம், போட்டோ, கருவிழி, விழித்திரை, கையெழுத்து, ரத்தம் போன்ற உயிரியல் மாதிரிகள் வரை, சட்டம் 'அளவீடு' என்று சொல்லும் பட்டியல் நீள்கிறது.

மறுக்கக்கூடியது ஒன்று உண்டு: உயிரியல் மாதிரி. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றம், ஏழாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றம் ஆகிய இரண்டிலும் சேராத வழக்கில் கைதானவர் ரத்தமோ எச்சிலோ கொடுக்கக் கட்டாயமில்லை. இதை வாயால் சொன்னால் பதிவாகாது. ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி எழுத வையுங்கள். மற்றவற்றில் கையை இழுத்துக்கொண்டு தகராறு செய்யாதீர்கள். அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவில், மூன்று மாதச் சிறை வரை போகும் இன்னொரு வழக்கு சேரும். அழிப்பு மனுவுக்கு அதைவிடப் பெரிய தடை இல்லை.

போராட்டங்களில் கைதாகிக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விதிகளில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தடையுத்தரவை மீறியதற்காகவோ முன்னெச்சரிக்கைக் கைதாகவோ மட்டும் பிடிக்கப்பட்டவரிடம், வேறு குற்றத்தில் வழக்கோ கைதோ இல்லாத வரை, அளவீடு எடுக்கக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 144, 151ஆம் பிரிவுகள். அதற்குப் பதிலாக வந்த இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163, 170. நன்னடத்தைப் பிணை கேட்டு நோட்டீஸ் வந்தவரிடமும் பிணை உத்தரவு பிறக்கும் முன் எடுக்கக் கூடாது. நடைமுறையில் இந்தப் பாதுகாப்பு எங்கே உடைகிறது என்றால், மாலையில் எல்லோரையும் விட்ட பிறகு பதியப்படும் எஃப்.ஐ.ஆரில். அதில் சட்டவிரோதக் கூட்டம், வழிமறிப்பு என்று இரண்டு பிரிவுகளைச் சேர்த்துவிட்டால் 'வேறு குற்றம்' வந்துவிடுகிறது. அதனால் எடுத்த நேரத்தையும், அப்போது எந்தப் பிரிவு சொல்லப்பட்டது என்பதையும் அன்றே குறித்து, உடனிருந்த ஒருவரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ரேகை எடுத்தது மதியம், எஃப்.ஐ.ஆர். பதிந்தது இரவு என்றால், பின்னால் வாதாட அந்த நேர இடைவெளி மிகவும் உதவும்.

எடுக்கும் முறையையும் கவனியுங்கள். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்ட வேண்டும். கட்டைவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை வெளிப்புறமாகவும் உருட்டுவார்கள். அதன் பிறகு நான்கு விரல்களையும் சேர்த்து ஒரே அழுத்தாக ஒரு பதிவு. அந்தச் சேர்ந்த பதிவு, உருட்டியவை சரியான கட்டத்தில் விழுந்தனவா என்று பார்ப்பதற்கு. அவசரத்தில் இடது கை வலது கைக் கட்டத்தில் விழுவதுண்டு. அழுத்திப் பிடித்தால் ரேகை அப்பிவிடும். சிமென்ட், சுண்ணாம்பு வேலை செய்பவர்களின் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். ஸ்கேனர் திரும்பத் திரும்பத் தள்ளும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு எடுக்கச் சொல்லலாம். மோசமான பதிவால் யாருக்கும் நன்மை இல்லை. அடுத்தவர் ரேகையோடு குழம்பும் வாய்ப்புதான் கூடும். இந்தப் பதிவுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் நாஃபிஸ் என்ற தேசிய ரேகைத் தொகுப்புக்குப் போகின்றன. அங்கே ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. அது தெரியவந்தால் குறித்து வையுங்கள். மனுவில் அந்த எண் இருந்தால் ஆள் மாறாது.

அரெஸ்ட் மெமோ நகல், எஃப்.ஐ.ஆர். நகல், ரிமாண்ட் உத்தரவு நகல் மூன்றையும் முதல் வாரத்திலேயே சேகரித்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதற்றமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மூன்று காகிதங்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலான குழப்பம் இன்ஷியலில் வருகிறது. தகப்பன் பெயர் ஒன்றில் இன்ஷியலாகவும் மற்றொன்றில் குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும். வழக்கு நடக்கும்போதே வக்கீல் மூலம் மெமோ போட்டுத் திருத்திவிடலாம். தீர்ப்புக்குப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். சாலை மறியல் போன்ற சின்ன வழக்கில் பல வாய்தா அலைந்த பிறகு, 'ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போங்கள்' என்ற யோசனை வரும். சில நூறு ரூபாயில் முடிகிறதே என்று கட்டிவிடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் தண்டனைத் தீர்ப்பு. விடுதலை இல்லை, விடுவிப்பும் இல்லை. எனவே அழிப்புக்கான வழி அந்த வழக்கில் மூடிவிடுகிறது. அதோடு நிற்பதில்லை. முன்பு சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெறாதவருக்குத்தான் 4ஆம் பிரிவின் சலுகை. அன்று கட்டிய அபராதம், பிற்பாடு வரும் பொய் வழக்கில் விடுதலையானாலும் குறுக்கே நிற்கும். விதித்தது அபராதம் மட்டுமே என்பது இங்கே கணக்கில் வராது. அந்தப் பிரிவில் சிறை விதிக்க இடமிருக்கிறதா என்பதே கணக்கு. மாணவர்களுக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தலைக்கு மேல் வேலை இருந்தாலும் வாய்தாவுக்குப் போய் வழக்கை நடத்துங்கள், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுங்கள்.

வழக்கு எப்படி முடிந்தாலும் அந்த முடிவின் சான்றிட்ட நகல் வேண்டும். சந்தேகத்தின் பலனில் விடுதலை என்றாலும் விடுதலைதான்; சட்டம் பேதம் பார்க்கவில்லை. காவல்துறையே வழக்கைக் கைவிட்டிருந்தால் இறுதி அறிக்கையும் அதை மாஜிஸ்திரேட் ஏற்ற உத்தரவும் தேவை. நோட்டீஸ் மட்டும் போதாது. ரத்து மனு போடுபவர்கள், எடுத்த அளவீடுகளை அழிக்க உத்தரவிட வேண்டும் என்பதையும் கோரிக்கையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. 'விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர்' என்ற வகையில் ரத்தும் அடங்கும் என்று தனியாக வாதாடும் சிரமம் மிச்சம்.

சட்டத்தில் 'எல்லாச் சட்ட வழிகளும் முடிந்த பிறகு' என்று ஒரு சொல் இருக்கிறது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய 90 நாள். அதற்கு முன் மனு போட்டால் இந்தச் சொல்லைக் காட்டித் திருப்பிவிடலாம். 90 நாள் கழித்து, மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இல்லை என்பதற்கு, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்துப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள். தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் காரணம் எழுதி, பதிவை வைத்திருக்கச் சொல்லலாம் என்பதால், அப்படி உத்தரவு ஏதும் இல்லை என்ற ஒரு வரியையும் மனுவில் எழுதுங்கள்.

மனு, மாநில அரசு இதற்கென்று பொறுப்பாக நியமித்த நோடல் அதிகாரிக்குப் போக வேண்டும். நகலை மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனருக்கும், சம்பந்தப்பட்ட நிலையத்துக்கும், தில்லியில் உள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்புகிறோம். நிலையத்தில் நேரில் கொடுப்பதை விட ஒப்புகையோடு தபாலில் அனுப்புவது பாதுகாப்பு. ஒன்றரைப் பக்கம் போதும்: பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, குற்ற எண், பிரிவுகள், எடுத்த நாளும் இடமும், எடுத்தவை எவை, முடிவின் தேதி, முன் தண்டனை இல்லை என்ற உறுதிமொழி. நோடல் அதிகாரி, அந்தப் பதிவு வேறு வழக்கோடு இணைந்ததில்லை என்று சரிபார்த்துக் காப்பகத்துக்குப் பரிந்துரைப்பார். மனு நிற்பது பெரும்பாலும் இங்கேதான். மறந்தே போன ஒரு பெட்டி கேஸ் (சில்லறை வழக்கு) எங்கோ நிலுவையில் இருக்கும். மனுவுக்கு முன்பே எஃப்.ஐ.ஆர். தேடலிலும் இ-கோர்ட்ஸிலும் பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, 30 நாள் கெடுவில் கேட்கலாம். 'என் தகவல் இருக்கிறதா' என்று கேட்பதை விட, இந்தத் தேதியிட்ட மனு இன்று எந்த நிலையில் இருக்கிறது, பரிந்துரை சென்ற நாள் எது, அழித்த நாள் எது என்று கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், இந்தக் காகிதங்களை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம்.

தேசியத் தொகுப்பில் அழிந்தாலும் மற்ற இடங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறை 2021 முதல் பயன்படுத்தும் முக அடையாள மென்பொருளில் கைதின்போது எடுத்த படம் இருந்தால், இரவு ரோந்தில் யாரோ ஒரு காவலரின் செல்போனில் பழைய வழக்கோடு முகம் வந்து நிற்கும். விடுதலையானவரைத் தெருவில் மறுபடி விசாரணைக்கு நிறுத்துவது அந்தப் படம்தான். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் வெளியாட்கள் புகுந்த செய்தியும் வந்தது. எனவே மனுவில் முக அடையாளத் தொகுப்பு, மாவட்ட விரல் ரேகைப் பிரிவில் உள்ள காகிதச் சீட்டு, நிலையத்து ஆல்பம் மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவு இதனால் அழியாது. பாஸ்போர்ட் விசாரணையில் அது வரத்தான் செய்யும். தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்றைக் கூடுதலாக எடுத்து அதற்கென்று வைத்திருங்கள்.