சுயேச்சையா நின்னேன்: ஒன்பது கையெழுத்தும் ஒரு கைரேகையும்

2021 மே, தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் ரிசல்ட் வந்து ஒரு வாரம்தான் ஆச்சு, மனசு இன்னும் ஆறல. 234 தொகுதியும் ரெண்டே கூட்டணிக்குப் போயிடுச்சு. திமுக அணிக்கு 159, அதிமுக அணிக்கு 75, வெளிய ஒருத்தருக்கும் ஒரு சீட்டு இல்ல. நாம் தமிழருக்கு 30 லட்சம் ஓட்டு விழுந்திருக்கு, எம்எல்ஏ பூஜ்யம். 1967ல இருந்து 2021 வரைக்கும் இந்த ரெண்டு கட்சியத் தவிர வேற யாரும் ஆட்சிக்கு வந்ததே இல்ல. "மக்கள் அவங்களத்தானேப்பா விரும்புறாங்க"ன்னு நேத்துகூட ஒருத்தர் சொன்னாரு. ஓட்டு மெஷினுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எவ்ளோ இருக்குன்னு நான் இந்த 2 மாசத்துல பாத்துட்டேன், அடுத்து நிக்க நினைக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

மொதல்ல, வேட்புமனுவுல நம்ம பேர முன்மொழியறவங்க. அங்கீகாரம் உள்ள கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒருத்தர் கையெழுத்து போதும். சுயேச்சைக்கு பத்து பேர், பத்து பேரும் அதே தொகுதி வாக்காளரா இருக்கணும், ஒவ்வொருத்தருக்கும் பாகம் எண், வரிசை எண் எழுதணும். இதுல பழைய பூத் சிலிப்ப பாத்து எழுதிடாதீங்க, ஜனவரியில வந்த புதுப் பட்டியல்ல எங்க ஆளுங்க மூணு பேருக்கு வரிசை எண் மாறியிருந்துச்சு.

பத்தாவது ஆளு எங்க தெரு அப்பத்தா. கண்மாய்த் தண்ணி வராம பத்து வருஷமா தரிசாக் கெடக்குற முக்கா ஏக்கர் அவங்களோடது, நான் நின்னதே அந்தக் கண்மாய் வரத்துக்காலுக்காகத்தான். எழுதப் படிக்கத் தெரியாது, அதனால வீட்லயே திண்ணையில வச்சு கைரேகை வாங்கிட்டேன். அதுதான் தப்பாப் போச்சு. மார்ச் 17, பதினொரு மணிக்கு தேர்தல் அதிகாரி ஆபீஸ்ல போய் உக்காந்தோம், எங்களுக்குப் பின்னாடி வந்த வேட்பாளர உள்ள கூப்ட்டாங்க, எங்கள ரெண்டரைக்குக் கூப்ட்டாங்க, அந்த கிளர்க் பேப்பர நிமிந்துகூட பாக்காம தள்ளி விட்டுட்டு "ரேகை செல்லாது"ன்னாரு. ஏன் சார்னு கேட்டா "ரூல் புக்க படிச்சிட்டு வாங்க". பக்கத்துல இருந்த இன்னொரு அம்மாதான் பொறுமையா சொன்னாங்க, கையெழுத்துன்னா எங்க வேணாலும் வாங்கலாமாம், ரேகைன்னா அதிகாரி முன்னாடி வச்சு அவரு சான்று போட்டாத்தான் செல்லுமாம். அதுக்குள்ள மூணு மணி, மனு வாங்குற நேரம் முடிஞ்சது.

"வேற ஆளப் போட்டுட்டு வாங்களேன், எதுக்கு அந்தக் கெழவிய அலைய வைக்கிறீங்க"ன்னாரு கிளர்க். வீட்டுக்கு வந்து அப்பத்தாகிட்ட சொன்னேன். "நானே வாரேன் ராசா, எம் பேர அடிச்சிராத"ன்னாங்க. மறுநாள் 38 கிலோமீட்டர் பஸ்ல கூட்டிட்டுப் போனேன். கேட்ல போலீஸ் நிறுத்திட்டாங்க. கொரோனா விதிப்படி வேட்பாளரோட ரெண்டு பேர்தான் உள்ள போகலாம், நாங்க நாலு பேர். வக்கீல் தம்பியையும் அப்பத்தாவையும் மட்டும் கூட்டிட்டு உள்ள போனேன். அதிகாரி முன்னாடி மைப் பேடுல விரல அமுக்கி வச்சப்ப அவங்க கை நடுங்குச்சு, மொத ரேகை கலைஞ்சு போச்சு, ரெண்டாவது தடவை நானே முழங்கைய தாங்கிப் புடிச்சுக்கிட்டேன். அதிகாரி மரியாதையாத்தான் நடத்துனாரு, அத சொல்லணும்.

அன்னைக்கும் மனு ஏறல! படிவம் 26ல, அதாங்க சொத்து விவரப் பிரமாணப் பத்திரம், மனைவி பேர்ல இருக்கற பாலிசி பத்தின கட்டம் காலியா இருந்துச்சு. ஒரு கட்டத்தையும் காலியா விடாதீங்க, கோடு போடாதீங்க, "இல்லை" அல்லது "பொருந்தாது"ன்னு எழுதுங்க, இல்லன்னா தள்ளுபடி வரைக்கும் போகும். திரும்ப ஸ்டாம்ப் பேப்பர், திரும்ப நோட்டரி. கடைசி நாள் 19ஆம் தேதி ரெண்டே முக்காலுக்கு மனு ஏறுச்சு. டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதின்னா 5,000, ரொக்கமாக் கொண்டு போங்க, செக் எல்லாம் வாங்க மாட்டாங்க. தேர்தல் செலவுக்குன்னு தனி பேங்க் கணக்கு மனு போடறதுக்கு ஒரு நாள் முன்னாடியே தொறந்திருக்கணும், அதுக்கே ரெண்டு நடை. பரிசீலனை பிரச்சனை இல்லாம முடிஞ்சது.

அப்புறம் சின்னம். உதயசூரியனும் இரட்டை இலையும் சுவத்துல எத்தனை வருஷமா இருக்கு? எனக்கு 22ஆம் தேதிதான் குடுத்தாங்க, வாபஸ் நேரம் முடிஞ்ச பிறகு. தையல் மெஷின் கேட்டேன், இன்னொருத்தரும் கேட்டதால குலுக்கல், மோதிரம் வந்துச்சு. பிரச்சாரம் ஏப்ரல் 4 சாயங்காலம் ஏழு மணியோட முடியுது. பதிமூணு நாள்ல ரெண்டு லட்சத்துக்கு மேல வாக்காளர் இருக்கற தொகுதியில ஒரு சின்னத்த எப்படிக் கொண்டு போறது? போன வீட்லயெல்லாம் ஒரே பேச்சுதான், "தம்பி நல்ல புள்ளதான், ஆனா ஓட்டு வீணாப் போயிடும்ல". எனக்கு ராத்திரி தூக்கம் வராமப் பண்ணது அந்த ஒரு வார்த்தைதான். திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

மெஷின்லயும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிங்க பேருதான் மேல வரும், சுயேச்சைங்க கடைசி. ஒரு மெஷின்ல 16 பேர்தான் அடங்கும். எங்க தொகுதியில 21 பேரு, நான் 19, ரெண்டாவது மெஷின்ல மூணாவது. "உன் பேரே இல்லையேப்பா"ன்னு வெளிய வந்து கேட்டவங்க எத்தனையோ பேரு. அதனால நோட்டீஸ் அடிக்கும்போதே "ரெண்டாவது மெஷின்"னு பெருசா போட்டுடுங்க, நான் போடாம விட்டேன்.

மே 2 எண்ணிக்கைக்கு ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் காட்டி உள்ள போனேன். மொத்தம் 643 ஓட்டு. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கினாத்தான் டெபாசிட் திரும்பும், அது போச்சு. தோத்தாலும் 30 நாளுக்குள்ள செலவுக் கணக்கு குடுத்தே ஆகணும், இல்லன்னா 3 வருஷம் நிக்க முடியாம தகுதி நீக்கம் பண்ணலாம், நெறைய சுயேச்சைங்க இதுல மாட்டுறாங்க. பில்லு, வவுச்சர் எல்லாத்தையும் மொத நாள்ல இருந்தே பைல் பண்ணி வைங்க. திங்கட்கிழமையிலிருந்து முழு ஊரடங்குன்னு இப்ப சொல்லிட்டாங்க, நல்லவேளை வியாழக்கிழமையே குடுத்து ஒப்புகை ரசீது வாங்கிட்டேன்.

எண்ணும்போது பூத் வாரியா குறிச்சு வச்சிருந்தேன். அப்பத்தா பூத்துல மட்டும் 118. நேத்து போய் சொன்னேன். "ரெண்டாவது பொட்டியில இருக்குன்னு நாந்தான் ஓட்டுப் போடப் போறவுகளுக்கெல்லாம் முந்துன நாளே சொல்லி வச்சேன்"னாங்க.