நாலு எழுத்து, ஆறு வயர்

2024 ஜூலை 6, சனி

சிட்னியில் இருந்து அக்கா மகன் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. பழைய சாம்பல் நிற பிளேஸ்டேஷன், முதல் தலைமுறை. பின்பக்க ஸ்டிக்கரில் எஸ்சிபிஎச்-7502. கடைசி எண் 2 என்றால் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செய்தது. எங்கள் கரண்டுக்கு அப்படியே குத்தலாம். அமெரிக்கப் பெட்டி என்றால் டிரான்ஸ்போமர் தேடி அலைய வேண்டும்.

கூடவே அவன் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஜப்பானிய ஒரிஜினல் டிஸ்குகள் சில. போட்டால் சுற்றும், பிறகு பிளேஸ்டேஷன் டிஸ்க் போடச் சொல்லும். அதுதானடா இது என்று பெட்டியிடம் சொல்லிப் பயன் இல்லை. பெட்டியை ஏமாற்றும் மொட் சிப்தான் வழி.

ஜூலை 8, திங்கள்

பெட்டி ஏன் மறுக்கிறது என்பதை ஒருக்கா எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே உதவும்.

ஒரிஜினல் டிஸ்கின் உள் ஓரத்தில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வரும் பகுதியில், தடம் நேராகப் போகாமல் மெல்ல ஆடிக்கொண்டு போகிறது. அந்த நெளிவுக்குள் நாலு எழுத்து இருக்கிறது. ஜப்பான் என்றால் எஸ்சிஇஐ, அமெரிக்கா என்றால் எஸ்சிஇஏ, ஐரோப்பா என்றால் எஸ்சிஇஇ. என் பெட்டி எஸ்சிஇஇ ஒன்றைத்தான் ஏற்கும். வெறும் சிடியில் தடம் தொழிற்சாலையிலேயே போடப்பட்டு வருகிறது. பர்னர் அந்தத் தடத்தின் மேல் எழுதுமே தவிர, தடத்தை வளைக்காது. அதனால் எவ்வளவு சுத்தமாகக் கொப்பி அடித்தாலும் அந்த நாலு எழுத்து வராது.

மொட் சிப் செய்வது இவ்வளவுதான்: சிடி கட்டுப்பாட்டு சிப்புக்குப் போகும் வயரில் புகுந்து, டிஸ்கில் என்ன இருந்தாலும் "எஸ்சிஇஇ, எஸ்சிஇஇ" என்று சொல்லிக்கொண்டிருப்பது. ஆட்டத்தை அது தொடுவதே இல்லை.

ஜூலை 10, புதன்

உப்புவெளிக் கூட்டாளி பின்னேரம் வந்தான். அவனிடம் அர்டுயினோ நானோ, நிரல் ஏற்றி ஓட்டும் சின்னப் பலகை, சும்மா கிடக்கிறது. "மச்சான், இதையே போடன். யூஎஸ்பியில குத்தினா வேலை முடிஞ்சுது." எனக்கு மனம் ஒப்பவில்லை. பெட்டிக்குள் இருக்கும் பலகையில் சிப்புக்கு எடுக்கக்கூடிய மின்சாரம் 3.5 வோல்ட். நானோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓட, அதன் தரவுத்தாளின்படி ஏறக்குறைய 3.8 வோல்ட் வேண்டும். குறைவாகக் கொடுத்தாலும் ஓடும் என்று பலர் ஓட்டுகிறார்கள். ஓடலாம். மூடி பூட்டிய பிறகு எப்போதாவது ஒருநாள் சண்டித்தனம் பண்ணினால் எது குற்றவாளி என்று தேடுவது யார்?

அந்தக் காலத்துக் கடைகளில் போட்டது பிக் 12சி508 என்ற எட்டுக் கால் சிப். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத வகை. நூற்றுக்கணக்கில் அடித்து விற்பவருக்கு அது சரி, வீட்டில் ஒன்று செய்பவனுக்குச் சரிவராது. அழித்து எழுதக்கூடிய 12எஃப்629 உண்டு. அதில் தொல்லை வேறு: உள் கடிகாரத்தைச் சரிப்படுத்தும் எண் ஒன்று நினைவகத்தின் கடைசி இடத்தில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைக் குறித்து வைக்காமல் முழுதாக அழித்தால் அந்த எண்ணும் போய்விடும்.

ஆகவே ஏடிடைனி85. அதுவும் எட்டுக் கால். 2.7 வோல்டிலேயே 10 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும், எனக்கு வேண்டியது 8. பிஎஸ்நீ என்ற திறந்த மூல நிரல் இதில் ஓடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன், இரவு பஸ்ஸில் வரும்.

ஜூலை 14, ஞாயிறு

கச்சான் காற்று. மேசையில் தாள் நிற்காது, சோல்டரிங் அயர்னும் சூடு ஏற மறுக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் அவிகிறது. இன்று பெட்டியைத் திறந்து பார்த்ததோடு சரி. பலகையில் பியு-22 என்று அச்சடித்திருக்கிறது.

இந்த எண்ணை முதலில் பார்க்காமல் வரைபடம் தேடுவது வீண். பழைய பலகைகளில் ஒரு வயரைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மற்றதில் எழுத்துகளை அனுப்பினால் போதும். பியு-22இல் இருந்து அப்படி இல்லை. பலகையில் 7.3 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு துடிப்பு ஓடுகிறது, டபிள்யுஎஃப்சிகே என்று பெயர். '1' அனுப்பும்போது சிப் அந்தத் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். பறை அடிக்கும் தாளத்துக்குக் கால் வைப்பது போல.

ஜூலை 20, சனி, போயா

சிப் எழுதும் வேலை. பக்கத்து வீட்டுத் தம்பியும் வந்து குந்திக்கொண்டான், ஓ.எல். முடித்துவிட்டுச் சும்மா நிற்கிறான்.

நானோ கடைசியில் உதவியது, எழுதும் கருவியாக. அதன் 11, 12, 13 கால்கள் டைனியின் 5, 6, 7க்கு, 10 ரீசெட்டுக்கு. நானோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 10 மைக்ரோபாரட் கபாசிட்டர். அது இல்லாவிட்டால் கொம்பியூட்டர் பேசத் தொடங்கியதும் நானோ தன்னையே ரீசெட் பண்ணிக்கொள்ளும்.

நிரலைவிட முக்கியம் ஃபியூஸ், அதாவது சிப் எப்படி ஓட வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதி வைக்கும் அமைப்பு எண். டைனி கடையில் இருந்து வரும்போது உள் கடிகாரத்தை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். லோ ஃபியூஸ் 62 என்று இருப்பதை இ2 ஆக்கினால்தான் 8. "அண்ணை, மெதுவா ஓடினா என்ன, சொல்றதைச் சொல்லும்தானே?" என்றான் தம்பி. நல்ல கேள்வி. பெட்டி கேட்பது விநாடிக்கு 250 பிட், அதாவது ஒரு பிட்டுக்கு 4 மில்லிவிநாடி. ஒரு எழுத்துக்கு 11 பிட், நாலு எழுத்துக்கு 44, மொத்தம் 176 மில்லிவிநாடி. கடிகாரம் எட்டு மடங்கு மெதுவாக ஓடினால் ஒரு பிட் 32 மில்லிவிநாடி நீளும், பெட்டிக்கு ஒரு எழுத்தும் விளங்காது. துடிப்பை வரைந்து காட்டும் லாஜிக் அனலைசரில் பிடித்துக் காட்டினேன், 4க்கு மிகக் கிட்டவாக வந்தது. ரீசெட் காலை முடக்கும் ஃபியூஸை மட்டும் தொடாதே என்றேன். தொட்டால் அப்புறம் 12 வோல்ட் கருவி இல்லாமல் அந்தச் சிப்போடு பேச முடியாது.

ஜூலை 21, ஞாயிறு

விடியப்புறம், காற்று எழும்ப முதல், ஆறு வயரும் ஒட்டியாயிற்று. மின்சாரம், கிரவுண்ட், டேட்டா, டபிள்யுஎஃப்சிகே, இன்னும் இரண்டு. அந்த இரண்டும் சப்கியு வரிகள். அவை வழியாகத்தான் லேசர் டிஸ்கின் எந்த இடத்தில் நிற்கிறது என்று சிப்புக்குத் தெரியும். பெட்டி கேட்கும் நேரம் மட்டும் சொல்லிவிட்டு மற்ற நேரம் வாயை மூடியிருக்கும். பழைய சிப்புகள் ஓயாமல் கத்தும், பிற்காலத்தில் வந்த சில டிஸ்குகள் அதைக் கண்டுபிடித்து ஆட்டத்தை நிறுத்திவிடும்.

கடற்கரை ஊரில் செம்புப் புள்ளிகளைத் துடைக்காமல் ஈயம் பிடிக்கும் என்று நினைக்கவே கூடாது. ஐசோபுரோப்பைல் ஸ்பிரிட், ஃபிளக்ஸ், மெல்லிய வயர்.

ஜப்பானிய டிஸ்க் ஓடியது. படம் ஜப்பானுக்குரிய 60 ஹெர்ட்ஸில் வருவதால் வேகமும் சரி, மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

மருமகனுக்குப் படம் அனுப்பினேன். அவன் ஊரில் இதே சிப்பை விற்றவர் மேல் சோனி தொடுத்த வழக்கு அதியுயர் நீதிமன்றம் வரை போய், 2005 அக்டோபரில் சோனி தோற்றது. கொப்பி அடிப்பதை இந்தப் பூட்டு தடுக்கவில்லை, அடித்ததை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது என்பது வாதம். பிறகு அங்கே சட்டத்தையே மாற்றினார்கள் என்பது வேறு கதை. என்னைக் கேட்டால், காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிஸ்கை ஓட்டக் கூடாது என்பது பூட்டே இல்லை, பிடிவாதம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

தீர்த்தத்துக்குப் போய் வந்து படுத்தால், தம்பி தன் மாமாவின் பெட்டியோடு வாசலில். சின்ன வெள்ளைப் பெட்டி, எஸ்சிபிஎச்-102. இதில் நாலு எழுத்துச் சொன்னால் மட்டும் வெளிநாட்டு டிஸ்க் ஓடாது, பெட்டியின் தொடக்க நிரலான பயோஸும் தனியாக நாட்டைப் பார்க்கிறது. அதையும் ஓடும்போதே ஏமாற்ற வேண்டும், 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என் டைனிக்கு அந்த வேகம் இல்லை. 16 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். கூட்டாளிக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நானோவைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே வந்துவிடுவான்.